மூட்டை சுமந்த முதலாளி

 

இந்த மாதம் ஒரு நாடகத்தைப் பற்றி எழுதப் போகிறேன். "மௌலவிக்கும் நாடகத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கக்கூடும். சம்பந்தம் இருக்கிறது. அது எனக்குப் பெருமை சேர்க்கும் சம்பந்தம் அல்ல. கடைசி வரை வாசித்துவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி வீதியால் வடக்கே போனால், உப்புவெளிக்கு அப்பால் சாம்பல்தீவை அண்டிய கடலோரத்தில் சல்லி என்றொரு மீனவக் கிராமம் இருக்கிறது. முத்துமாரியம்மன் கோயிலால் பெயர் பெற்ற தமிழ்க் கிராமம். எங்கள் பக்கத்து மீன் வியாபாரிகள் சிலர் சுபஹு தொழுத கையோடு அந்தக் கரைக்குப் போய் மீன் எடுத்து, மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டித் தெருத் தெருவாக விற்பார்கள். எங்கள் பேச்சு வழக்கில் சல்லி என்றால் காசு. சிங்களச் சகோதரர்களும் அப்படியேதான் சொல்கிறார்கள். ஆகவே, "எங்க போறீங்க?" என்று கேட்டு ஒருவர் "சல்லிக்கு" என்று பதில் சொன்னால், "உலகமே அதுக்குத்தானே போகுது!" என்று நாங்கள் பகிடி பண்ணுவதுண்டு.

அந்தப் பகிடியை வைத்துத்தான் எங்கள் பாடசாலை மாணவர்கள் ஒரு நாடகம் செய்தார்கள். தமிழ்மொழித் தினப் போட்டி உங்களுக்குத் தெரியும். பாடசாலை, கோட்டம், வலயம், மாகாணம் என்று படிப்படியாக ஏறி அகில இலங்கை மட்டம் வரை போகும் போட்டி. நாடகப் பிரிவுக்கு எங்கள் பிள்ளைகள் ஒரு சிரிப்பு நாடகத்தை எழுதிக்கொண்டு வந்தார்கள். எழுதியவன் சல்லிக் கரையில் மீன் எடுத்து விற்கும் ஒருவரின் மகன். "சல்லியில் ஒரு கடை" என்று பெயர் வைத்திருந்தான். அதை மார்க்கக் கண்கொண்டு பார்த்துச் சரி சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

நான் மூன்று நிபந்தனைகள் போட்டேன். ஆண் பிள்ளை பெண் வேடம் போடக்கூடாது. எந்த இனத்தவரின் பேச்சையும், எவருடைய உடற்குறையையும் கேலி செய்யக்கூடாது. அல்லாஹ்வின் மீது பொய்ச் சத்தியம் செய்யும் வசனம் இருக்கக்கூடாது. பையன்கள் மூன்றுக்கும் தலையாட்டினார்கள். மீனவப் பெண் ஒருத்தியாக இருந்த பாத்திரத்தை ஒரு சின்னப் பையனாக மாற்றினார்கள். பிறகு ஒருவன் கேட்டான்: "ஹஸ்ரத், சபையில ஆக்கள் சிரிக்கலாமா?"

நல்ல கேள்வி. மக்களைச் சிரிக்க வைப்பதற்காகப் பொய் பேசுபவனை நபி (ஸல்) அவர்கள் கடுமையாக எச்சரித்திருக்கிறார்கள் (அபூதாவூத், திர்மிதீ). நாடகம் கற்பனை என்பது பார்ப்பவர் எல்லோருக்கும் தெரியும் என்பதால் அது பொய்யில் சேராது என்பாரும், ஒதுங்கிக்கொள்வதே நல்லது என்பாரும் உலமாக்களில் உண்டு. ஆனால் சிரிப்பே கூடாது என்று மார்க்கம் சொல்லவில்லை. நபி (ஸல்) அவர்கள் நகைச்சுவையாகப் பேசியிருக்கிறார்கள். அதிலும் உண்மையையே பேசினார்கள். சவாரிக்கு ஒட்டகம் கேட்டு வந்தவரிடம் ஒட்டகக் குட்டி ஒன்றைத் தருவதாகச் சொன்னார்கள். குட்டியை வைத்து நான் என்ன செய்வேன் என்று அவர் திகைத்தபோது, எந்தப் பெரிய ஒட்டகமும் இன்னோர் ஒட்டகத்தின் குட்டிதானே என்று விளக்கினார்கள் (அபூதாவூத், திர்மிதீ). இதைச் சொல்லி, "சிரிக்கலாம், ஆனா ஒருத்தர்ட மனசு நோவக்கூடாது" என்று பையன்களை அனுப்பிவிட்டேன். நோகப் போவது என் மனசுதான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

நாடகம்

சல்லியில் ஒரு பெரிய கடை. நடுவே ஒரு வெற்று நாற்காலி. வலது பக்கம் அரிசி, மா, சீனி. அதற்கு ஒரு மூத்த மனேஜர். இடது பக்கம் பால்மா, சவர்க்காரம், தூண்டில் நூல். அதற்கு ஓர் இளைய மனேஜர். பழைய முதலாளி வயதாகிக் கடையை விற்றுவிட்டுப் போய்விட்டார். வாங்கிய புதிய முதலாளியை எவரும் கண்டதில்லை. திங்கட்கிழமை வருகிறார் என்று தகவல் மட்டும் வந்திருக்கிறது. இரண்டு மனேஜர்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியாதாம், ஒருவரைத்தான் வைத்திருப்பாராம் என்றும் ஒரு கதை அடிபடுகிறது. இதைச் சொன்னது முதலாளி அல்ல, தேநீர் கொண்டு வரும் பையன்!

அவ்வளவுதான். மூத்தவர் ஒரு முழத்தில் வரவேற்புப் பதாகை கட்டுகிறார். இளையவர் இரண்டு முழத்தில் கட்டுகிறார். மூத்தவர் நான்கு முழம். கடைசியில் இரண்டு பதாகைகளும் கடையின் பெயர்ப் பலகையை மூடி, வாசலையும் மூடிவிடுகின்றன. சாமான் வாங்க வந்தவர்கள் வாசலைக் காணாமல் திரும்பிப் போகிறார்கள். இதோடு நின்றதா? இருவரும் தனித்தனியே கச்சேரிக்கு முன்னால் பெட்டிஷன் எழுதுபவரிடம் ஓடி, மற்றவரைப் பற்றிப் புதிய முதலாளிக்கு மொட்டைக் கடிதம் எழுதுவிக்கிறார்கள். பெட்டிஷன்காரர் ஒரே ஆள். அவருக்கும் வேலை மிச்சம். ஒரு கடிதத்தை எழுதி, அதையே பிரதி பண்ணி, "அரிசி" என்ற இடத்தில் "பால்மா" என்று மாற்றிக் கொடுத்துவிடுகிறார்.

சனிக்கிழமை, சாரத்தை மடித்துக் கட்டி, தோளில் துவாயோடு ஒருவர் வேலை கேட்டு வருகிறார். "நாட்டாமை வேலைதான் இரிக்கி. மூட்டை தூக்குவியா?" என்கிறார் மூத்தவர். வந்தவர் சரி என்கிறார். பூச்சி பிடித்த மா மூட்டை ஒன்றை இளையவரின் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கச் சொல்கிறார் மூத்தவர். முதலாளி வரும்போது குற்றம் அங்கே இருக்க வேண்டுமல்லவா! இளையவர் அதைக் கண்டு, ஒரு பிளேன்டீயைக் கையில் கொடுத்து, அதே மூட்டையைத் திருப்பி அனுப்புகிறார். மூத்தவர் மறுபடியும் அனுப்புகிறார். அந்த ஒரு மூட்டை ஆறு தடவை மேடையைக் கடந்தது. மூட்டையைச் சுமந்த மாணவன் ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் கூனிக்கொண்டு நடந்தான். மண்டபம் வயிறு குலுங்கிச் சிரித்தது.

இந்தக் கூத்துக்கு நடுவே ஒரு சின்னப் பையன் கடன் கொப்பியோடு வருகிறான். வாடைக் காலம். கடல் கொந்தளிக்கிறது, தோணி கரையில் கிடக்கிறது. எங்கள் கிழக்குக் கரையில் மார்கழி, தை மாதங்களில் இதுதான் நிலைமை. கடல் இறங்க முடியாத நாட்களில் மீனவர் வீட்டு அடுப்பு கடைக்காரர் தரும் கடனில்தான் எரியும். கடல் திறந்ததும் கடன் அடைபடும். அந்தப் பையன் கேட்பது இரண்டு கிலோ அரிசி, தங்கச்சிக்கு ஒரு பால்மா பக்கற்.

"அரிசி தாறதுக்கு என்ன? ஆனா பால்மாக் கணக்கு பாக்கி இரிக்கி. அந்தப் பக்கம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வா" என்கிறார் மூத்தவர். "பால்மா தரலாம். ஆனா அரிசிக் கணக்கு முடியல்லயே. அங்க போய்க் கையெழுத்து வாங்கு" என்கிறார் இளையவர். பையன் அங்கும் இங்கும் போகிறான். மூட்டை ஒரு பக்கம் போக, கொப்பி மறுபக்கம் போகிறது. இரண்டும் மேடையின் நடுவில் சந்திக்கும்போது, மூட்டைக்காரரும் பையனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். நான்காம் தடவைக்குப் பிறகு பையன் மேடையின் ஓரத்தில் கொஞ்ச நேரம் குந்தியிருந்தான். பிறகு கொப்பியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டான். அப்போதும் சிலர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

திங்கட்கிழமை. மாலையும் பன்னீருமாக இரண்டு மனேஜர்களும் வாசலைப் பார்த்து நிற்கிறார்கள். பின்னாலிருந்து அந்த நாட்டாமை, தலையெல்லாம் மா படிந்தபடி வந்து, நடு நாற்காலியில் அமர்கிறார். "எழும்படா!" என்று இருவரும் ஒரே குரலில் கத்துகிறார்கள். முதன்முறையாக இருவரும் ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டது அங்கேதான்! அவர் சட்டைப் பையிலிருந்து இரண்டு மொட்டைக் கடிதங்களை எடுத்து, ஒரு வரி இதிலும் ஒரு வரி அதிலுமாக வாசிக்கிறார். இரண்டும் ஒன்று. நான் கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

அவர் கடிதங்களை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு பேரும் எழுதினது உண்மையாயும் இரிக்கலாம், பொய்யாயும் இரிக்கலாம். அதப்பத்தி நான் இப்ப கேக்கல்ல. சனிக்கிழமை ஒரு புள்ள கொப்பியோட வந்து திரும்பிப் போனானே, அவன் எந்த ஊட்டுப் புள்ள?"

இருவருக்கும் தெரியவில்லை. நான்கு தடவை கையில் வாங்கிய கொப்பியின் முதல் பக்கத்தில் இருந்த பெயரை இருவருமே வாசித்திருக்கவில்லை. திரை விழுந்தது.

முன்வரிசையில் இருவர்

அன்பர்களே! இனி என் கதைக்கு வருகிறேன்.

நாடகம் நடந்தபோது முன்வரிசையில் எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவர் இருந்தார். மூட்டை ஆறாம் தடவை மேடையைக் கடந்தபோது அவரும் நானும் ஒரே நேரத்தில் வாய்விட்டுச் சிரித்தோம். சிரித்துக்கொண்டே திரும்பியபோது கண்கள் சந்தித்தன. உடனே இருவர் சிரிப்பும் நின்றுவிட்டது. ஏனென்றால், நாங்கள் இருவரும் பேசி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

காரணம் சின்னது. எங்கள் பாடசாலைக்குப் புதிய அதிபர் ஒருவர் வந்திருந்தார். பகுதித் தலைவர் பொறுப்பு காலியாக இருந்தது. எனக்குச் சேவைக் காலம் கூட, அவருக்குப் பட்டம் இருக்கிறது. ஒருநாள் அதிபரின் அறையில் வேறு ஏதோ பேசப் போன நான், விஞ்ஞான ஆசிரியர் காலையில் பிந்தி வருவதைப் பேச்சோடு பேச்சாகச் சொல்லி வைத்தேன். அவர் என்ன செய்தார்? ஜனாஸா, நிக்காஹ் என்று நான் அடிக்கடி வெளியே போவதை எடுத்துச் சொன்னாராம். இவ்வளவும் எல்லா இடத்திலும் நடப்பதுதான் என்று நீங்கள் சொல்லலாம். கேளுங்கள், இன்னும் இருக்கிறது.

மீலாத் போட்டிகளுக்கு மாணவர்களை அனுப்பும் பொறுப்பு அவருடையது. விண்ணப்பப் படிவம் வந்த கடித உறை, மார்க்க விஷயம் என்பதால் யாரோ தவறாக என் மேசையில் வைத்துவிட்டார்கள். முடிவுத் திகதியை நான் பார்த்தேன். கொண்டுபோய்க் கொடுக்க இருபது அடி நடந்தால் போதும். நான் நடக்கவில்லை. "அவர் பொறுப்பு. அவர் தேடட்டும். தவறினால் அதிபருக்கு உண்மை விளங்கும்" என்று மனம் சொன்னது. வரவுப் பதிவேட்டுக்குக் கீழே அந்த உறை கிடந்தது. திகதி கடந்தது. அதிபர் அவரைத்தான் கேட்டார். நான் பக்கத்தில் நின்றும் வாய் திறக்கவில்லை.

பேச்சுப் போட்டிக்காக ஒன்பதாம் தரத்து மாணவி ஒருத்தி ஒரு மாதமாகப் பயிற்சி எடுத்திருந்தாள். பேச்சை எழுதிக் கொடுத்தவனே நான்தான். இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். "அந்தப் புள்ள எந்த ஊட்டுப் புள்ள?" என்று மேடையில் முதலாளி கேட்டபோது, இரண்டு மனேஜர்களுக்கும் பதில் தெரியவில்லை. எனக்குத் தெரியும். அந்த வீட்டில் நான் நோன்பு திறந்திருக்கிறேன்.

ஸஹாபாக்கள் சிரித்த கதை

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஓதிக் கொடுத்த பாடங்களெல்லாம் ஒவ்வொன்றாக என்னிடம் வந்து கேள்வி கேட்டன.

முதலில் வந்தது ஒரு சிரிப்புக் கதை. அபூபக்ர் (ரலி) அவர்கள் வியாபாரத்துக்காக ஷாம் நாட்டின் புஸ்றா நகருக்குச் சென்றார்கள். உடன் சென்றவர்கள் நுஅய்மான் (ரலி), ஸுவைபித் (ரலி). இருவரும் பத்ர் போரில் கலந்துகொண்டவர்கள். ஒருவர் உணவுப் பொருட்களுக்குப் பொறுப்பாளர், மற்றவர் பகிடிக்காரர். (யார் பொறுப்பாளர், யார் பகிடிக்காரர் என்பதில் நூலுக்கு நூல் பெயர் மாறி வருகிறது.) பகிடிக்காரர் பசியோடு உணவு கேட்டார். அபூபக்ர் வரட்டும் என்று பொறுப்பாளர் மறுத்துவிட்டார். "பார்த்துக்கொள்கிறேன்" என்று போன பகிடிக்காரர், வழியில் வந்த ஒரு கூட்டத்தாரிடம் தன் தோழரை அடிமை என்று சொல்லிப் பத்து ஒட்டகங்களுக்கு விற்றுவிட்டார்! "தான் சுதந்திரமானவன் என்று சொல்வான், நம்பிவிடாதீர்கள்" என்று முன்கூட்டியே சொல்லியும் வைத்தார். அவர்கள் வந்து பொறுப்பாளரின் கழுத்தில் கயிற்றைப் போட்டு இழுத்துப் போனார்கள். அபூபக்ர் (ரலி) திரும்பி வந்து விஷயம் அறிந்து, ஒட்டகங்களைத் திருப்பிக் கொடுத்துத் தோழரை மீட்டார்கள். மதீனா திரும்பிச் சொன்னபோது நபி (ஸல்) அவர்களும் தோழர்களும் அதை நினைத்து ஒரு வருட காலம் சிரித்தார்கள் என்று இப்னுமாஜாவில் வருகிறது. இதன் அறிவிப்பாளர் வரிசை பலவீனமானது என்று கூறும் ஹதீஸ்கலை அறிஞர்களும் உள்ளனர். ஆகவே சட்டத்துக்கு அல்ல, படிப்பினைக்கு மட்டும் இதை எடுத்துக்கொள்வோம்.

படிப்பினை என்ன? அங்கேயும் ஒரு தலைவர், கீழே இரண்டு பேர், இருவருக்கிடையில் ஓர் இழுபறி. ஆனால் தலைவர் வந்ததும் ஒருவரும் கோள் மூட்டவில்லை. எல்லாம் வெளிச்சத்தில் நடந்தது, சிரிப்பில் முடிந்தது. எங்கள் இழுபறிகள் உறைக்குள்ளும், பதிவேட்டுக்குக் கீழும், மூடிய அறையிலும் நடக்கின்றன. அதனால்தான் அவை சிரிப்பில் முடிவதில்லை.

புதிய தலைவர் வந்தபோது

அடுத்து நினைவுக்கு வந்தது தாத்துஸ் ஸலாஸில். ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு. இஸ்லாத்தைத் தழுவிச் சில மாதங்களே ஆன அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களை 300 பேருக்குத் தளபதியாக நபி (ஸல்) அவர்கள் அனுப்பினார்கள். எதிரிகள் அதிகம் என்று கண்டு அவர் உதவிப்படை கேட்டார். 200 பேரோடு அபூஉபைதா (ரலி) அவர்கள் அனுப்பப்பட்டார்கள். அந்த 200 பேரில் அபூபக்ரும் உமரும் (ரலி) இருந்தார்கள்! புறப்படும்போது நபி (ஸல்) அவர்கள் கூறிய அறிவுரை, இருவரும் ஒன்றுபட்டிருங்கள், பிளவுபடாதீர்கள் என்பதாகும்.

அபூஉபைதா யார்? இந்த உம்மத்தின் நம்பிக்கையாளர் என்று நபியவர்களால் பாராட்டப்பட்டவர் (புகாரி, முஸ்லிம்). ஆரம்ப காலத்திலேயே இஸ்லாத்தை ஏற்றவர். தொழுகை நேரம் வந்தது. இமாமாக நிற்பது யார்? அக்காலத்தில் தலைவரே தொழுவிப்பார். அம்ர் (ரலி) விட்டுக்கொடுக்கவில்லை. தமக்குத் துணையாகவே நீங்கள் வந்தீர்கள், தலைவர் நானே என்றார். நாமாக இருந்தால் சேவைக் காலத்தை எடுத்து விரித்திருப்போம். அபூஉபைதா (ரலி) நபியவர்களின் அறிவுரையை நினைவுகூர்ந்து, நீங்கள் என் சொல் கேட்காவிட்டாலும் நான் உங்கள் சொல் கேட்பேன் என்று பின்னால் போய் நின்றார்கள்.

இதே அபூஉபைதாவுக்குப் பிற்காலத்தில் நேர்மாறான சோதனை ஒன்று வந்தது. ஹிஜ்ரி 13இல் உமர் (ரலி) அவர்கள் கலீஃபாவானதும், ஷாம் தேசத்துப் படைத்தலைமையிலிருந்து காலித் இப்னு வலீத் (ரலி) அவர்களை நீக்கி, அபூஉபைதாவை நியமித்துக் கடிதம் அனுப்பினார்கள். கையில் நியமனக் கடிதம்! அதை உடனே காட்டாமல், போர் நெருக்கடி தீரும் வரை அவர்கள் மறைத்து வைத்திருந்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அது எந்தப் போர் என்பதில்தான் கருத்து வேறுபாடு. காலித் (ரலி) அவர்களும் கோபித்துக்கொண்டு வீடு போகவில்லை. அபூஉபைதாவின் தலைமையில் தொடர்ந்து போரிட்டார்கள்.

சகோதரர்களே! அபூஉபைதாவும் ஒரு கடிதத்தை மறைத்தார்கள், நானும் ஒரு கடிதத்தை மறைத்தேன். அவர்கள் தம் சகோதரரின் மரியாதையைக் காக்க மறைத்தார்கள். நான் என் சகோதரரின் மரியாதையைப் போக்க மறைத்தேன்.

பெரியவர்களுக்குள் கருத்து மோதலே வரவில்லை என்று நான் சொல்லவில்லை. பனூ தமீம் கூட்டத்தார் வந்தபோது யாரை அவர்களுக்குத் தலைவராக்குவது என்பதில் அபூபக்ரும் உமரும் (ரலி) ஆளுக்கொரு பெயரைச் சொல்லி, குரல் உயர விவாதித்துவிட்டார்கள். அதன் தொடர்பில்தான் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆரம்ப வசனங்கள் இறங்கின. அதற்குப் பிறகு உமர் (ரலி) நபியவர்களிடம் பேசும்போது, திருப்பிக் கேட்க வேண்டிய அளவுக்குக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள் (புகாரி). நியமனம் பற்றிய ஒரு வாக்குவாதத்தை அடுத்து இறங்கத் தொடங்கிய அந்த அத்தியாயம்தான், சில வசனங்கள் தள்ளி, கேலி செய்யாதீர்கள், துருவித் துருவி ஆராயாதீர்கள், புறம் பேசாதீர்கள் என்றும் கற்பிக்கிறது. அலுவலகங்களிலும் கடைகளிலும் இருப்போர் அதை இந்தக் கண்ணோடு ஒரு தடவை ஓதிப் பாருங்கள்.

கடைக்கு உண்மையான இலாபம்

ஒரு கடை எப்படி நடக்க வேண்டும் என்பதற்கும் நமக்கு முன்மாதிரி இருக்கிறது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் (ஹிஜ்ரி 80–150) கூஃபாவில் துணி வியாபாரி. குறையுள்ள ஒரு துணியைத் தம் பங்காளி ஹஃப்ஸிடம் அனுப்பி, விற்கும்போது குறையைச் சொல்லி விற்கும்படி கூறினார்கள். ஹஃப்ஸ் சொல்ல மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யார் என்றும் தெரியவில்லை. இமாமவர்கள் அந்த வியாபாரத்தில் வந்த பணம் முழுவதையும் தருமம் செய்துவிட்டார்கள் என்று அவர்களின் வரலாற்றில் காண்கிறோம். பங்காளியைக் குற்றம் சாட்டி வழக்குப் பேசவில்லை. ஏமாந்து போன அந்த முகம் தெரியாத வாடிக்கையாளரை நினைத்துத்தான் கவலைப்பட்டார்கள்.

கடன் கொடுத்து வியாபாரம் செய்த ஒருவரைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கஷ்டப்படுகிறவரைக் கண்டால் அவரை விட்டுவிடும்படி அவர் தம் பணியாளர்களுக்குச் சொல்லி வைத்திருந்தார், அதன் மூலம் அல்லாஹ் நம்மையும் மன்னிக்கக்கூடும் என்ற ஆசையில். அல்லாஹ் அவரை மன்னித்துவிட்டான் (புகாரி, முஸ்லிம்). அந்தப் பணியாளர்கள் ஒருவரோடு ஒருவர் போட்டி போட்டுக் கையெழுத்துக் கேட்டிருந்தால், அந்த முதலாளிக்கு இந்தப் பாக்கியம் கிடைத்திருக்குமா?

நம் வீட்டுக்குள்ளும் இதே நாடகம் நடக்கிறது. புதிய மருமகள் வந்த வீட்டில் மூத்த மருமகள் படும் பாடு, இரண்டு ராத்தாமார் உம்மாவின் நெஞ்சில் இடம் பிடிக்க ஒருவரையொருவர் போட்டுக் கொடுப்பது, பள்ளிவாசல் நிர்வாகத்துக்குப் புதுத் தலைவர் வந்ததும் பழையவர்கள் அணி பிரிவது எல்லாம் இதுதான். சண்டை இரண்டு பேருக்கிடையில் என்று நினைக்கிறோம். பசியோடு திரும்புவது மூன்றாவது ஆள். வீட்டில் அது பெரும்பாலும் ஒரு குழந்தை. பள்ளிவாசலில் அது ஸகாத்துக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் ஒரு விதவை.

அல்லாஹ்வுக்கு உவமை இல்லை, நஊது பில்லாஹ். மேடையில் வந்த முதலாளியை வைத்து ஒன்று மட்டும் சொல்கிறேன். திங்கட்கிழமை வருவார் என்று காத்திருந்த முதலாளி சனிக்கிழமையே கடைக்குள் இருந்தார். ஒரு மனிதன் பார்த்துக்கொண்டிருந்தான் என்று தெரிந்ததற்கே அந்த மனேஜர்களுக்குக் கால் நடுங்கியது. பதிவேட்டுக்குக் கீழே உறையை நான் வைத்தபோது அறையில் யாரும் இல்லை என்றுதான் நினைத்தேன். நான் படிப்பிக்கும் முதல் பாடமே இஹ்ஸான். நாம் அவனைக் காணாவிட்டாலும் அவன் நம்மைப் பார்க்கிறான் என்பதுதான் அந்தப் பாடம்.

முடிவு

மூன்று நாளுக்கு மேல் ஒரு முஸ்லிம் தன் சகோதரனை வெறுத்து ஒதுக்குவது ஆகாது, இருவரில் முதலில் ஸலாம் சொல்பவரே சிறந்தவர் என்ற ஹதீஸை (புகாரி, முஸ்லிம்) நான் எத்தனை ஜும்ஆவில் சொல்லியிருப்பேன்! திங்களும் வியாழனும் அமல்கள் சமர்ப்பிக்கப்படும்போது, பகைத்துக்கொண்ட இருவரின் விஷயம் அவர்கள் சமாதானமாகும் வரை நிறுத்தி வைக்கப்படுகிறது (முஸ்லிம்). இரண்டு மாதத்தில் எத்தனை திங்கள், எத்தனை வியாழன் என்று கணக்குப் பார்த்தேன்.

மறுநாள் காலை விஞ்ஞான ஆசிரியர் பிந்தித்தான் வந்தார். வாசலில் நின்று ஸலாம் சொன்னேன். உறை விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "தெரியும் மௌலவி. உங்கட பதிவேட்ட எடுக்க வந்தப்ப நான் கண்டனான். நீங்க சொல்றீங்களா எண்டு பாத்துக்கொண்டிருந்தன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நானும் அதிபர்ட உங்களப் பத்தி சொல்லக்கூடாததெல்லாம் சொல்லியிரிக்கன். மாப் பண்ணுங்க" என்றார். காலையில் பிந்துவது படுத்த படுக்கையாக இருக்கும் உம்மாவைக் கழுவித் துடைத்துவிட்டு வருவதால் என்பதையும் அன்றுதான் அறிந்தேன். அதை நான் கேட்டிருக்க வேண்டும். நான் அதிபரிடம் போய்ச் சொன்னேனே தவிர, அவரிடம் கேட்கவில்லை.

இருவருமாக அதிபரிடம் போய் உள்ளதைச் சொன்னோம். அவர் எங்கள் இருவரையும் விட்டுவிட்டு, ஓர் ஆசிரியையைப் பகுதித் தலைவராக நியமித்தார். பகுதி முன்னைவிட நன்றாக நடக்கிறது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்!

மாணவியின் வீட்டுக்கும் போனேன். "பரவாயில்ல ஹஸ்ரத், அடுத்த வருசம் பாத்துக்கொள்ளுவம்" என்றார் வாப்பா. அந்தப் பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு பிளேன்டீயை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அடுத்த வருடம் வேறு பேச்சு, வேறு போட்டி. இந்த வருடத்தை அவளுக்கு யாரும் திருப்பிக் கொடுக்க முடியாது. தவ்பாவில் அல்லாஹ்வின் உரிமை லேசாகத் தீரும், அடியார்களின் உரிமை அப்படித் தீராது என்று கிதாபில் படித்ததன் பொருள் அந்தத் தேநீரின் முன்னால்தான் எனக்கு விளங்கியது.

நாடகம் வலய மட்டத்தில் இரண்டாம் இடம் பெற்றது, அல்ஹம்துலில்லாஹ். பையன்களைப் பாராட்டியபோது, எழுதியவனிடம் அந்தக் கடைசிக் கேள்வி எப்படித் தோன்றியது என்று கேட்டேன். அவன் சொன்னான்: "வாப்பா சல்லிக்கு மீனெடுக்கப் போனா, கரைல நிக்கிற ஒவ்வொரு புள்ளையையும் எந்த ஊட்டுப் புள்ள எண்டு தெரிஞ்சி வெச்சிரிக்காரு ஹஸ்ரத். வாடைக்கி அவங்கட ஊட்டுக்குத்தான் முதல் அரிசி கொண்டு போவாரு."

மீன் விற்பவருக்குத் தெரிந்தது கிதாபு படித்தவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. யா அல்லாஹ்! எங்கள் உள்ளங்களிலிருந்து பொறாமையை அகற்றுவாயாக! எங்கள் போட்டியால் பசித்துத் திரும்பியவர்களின் உரிமையை இம்மையிலேயே அடைத்துவிடும் பாக்கியத்தைத் தருவாயாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.